பேராயர் வீட்டுச் சிற்றாலயம்

(நல்லாயன் ஞாயிறன்று, இறையழைத்தலுக்காக மன்றாடும் நாளில், பங்கு மக்களுக்கும் இளையோருக்கும் ஆற்றிய உரை)



"சாமியாராப் போறியாப்பா?"

நம் பங்குகளில் பூசைக்கு உதவி செய்த எந்தப் பையனும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. உறுதிப்பூசுதல் கொடுக்க வரும் ஆயர் கன்னத்தைத் தட்டிக் கேட்பார். விருந்துக்கு வந்த அத்தை கேட்பாள். கோயில் திண்ணையில் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கும் பாட்டி கேட்பாள். என்னையும் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றேன். சாமியாராகப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லப் போனேன். ஆனால் முப்பது ஆண்டுகளாக என் வகுப்பில் உட்கார்ந்த பையன்களில் சிலர் குருமடத்துக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்டதால் போனவன் என்று ஒருவனைக்கூட எனக்குத் தெரியாது. எதையோ பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் எல்லாரும். எதைப் பார்த்தார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது போலந்து நாட்டில் நடந்த ஒரு வரலாறு. ஒரு பேராயர், ஒரு மாணவன், அவர்களுக்கு இடையே ஒரு சிற்றாலயம். அந்த மாணவனின் பெயர் உங்களுக்குத் தெரியும். நம் பெரியவர்கள் இரண்டாம் அருள் சின்னப்பர் என்பார்கள். இப்போது இரண்டாம் யோவான் பவுல் என்கிறோம். பேராயரின் பெயர் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆதாம் ஸ்தெஃபான் சபியேகா, கிராக்கோவ் நகரின் பேராயர். பெரிய பிரபுக் குடும்பத்தில் 1867-இல் பிறந்தவர்.

1938 மே 6. கிராக்கோவுக்குத் தென்மேற்கே உள்ள வாதோவீத்சே என்ற சிற்றூருக்குச் சபியேகா மேய்ப்புப்பணிச் சந்திப்புக்காக வருகிறார். உயர்நிலைப் பள்ளியில் வரவேற்புரை சொல்ல ஒரு மாணவனை நிறுத்தியிருக்கிறார்கள். பெயர் கரோல் வொய்தீவா. வயது 18 ஆக இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நாடகத்தில் நடித்துப் பழகிய குரல். கணீரென்று பேசிவிட்டு இறங்குகிறான். பேராயர் பக்கத்தில் இருந்த மறைக்கல்வி ஆசிரியர் அருள்தந்தை ஸாஹரிடம் மெல்லக் கேட்கிறார்: இந்தப் பையன் குருமடத்துக்கு வருவானா? இல்லை ஆண்டவரே, பல்கலைக்கழகத்தில் போலிஷ் மொழியும் இலக்கியமும் படிக்கப் போகிறான் என்று பதில் வருகிறது. அடடா, வருத்தந்தான் என்பதுபோல ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேராயர் போய்விடுகிறார்.

அவ்வளவுதான். பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அறிவுரை சொல்லவில்லை. தகப்பனுக்குக் கடிதம் எழுதவில்லை. நம்மில் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால், "இப்படி ஒரு பேச்சாளனை விட்டுவிடுவதா" என்று வீடுவரை துரத்தியிருப்போம். சபியேகா துரத்தவில்லை. நாலரை ஆண்டு கழித்து அந்த இளைஞன் தானாகவே வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினான். அந்த நாலரை ஆண்டில் என்ன நடந்தது?

முதலில் அவன் வீட்டைப் பாருங்கள். தாய் எமிலியா 1929-இல் இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது நிரம்பவில்லை. அண்ணன் எட்மண்ட் மருத்துவர். நோயாளி ஒருவரிடமிருந்து செங்காய்ச்சல் தொற்றி 1932-இல் போய்விட்டார். மிஞ்சியது தகப்பனும் மகனும். தகப்பனும் கரோல்தான், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. தன் பழைய சீருடையை வெட்டி மகனுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவர். நடு இரவில் மகன் விழித்துப் பார்த்தால் அப்பா முழங்காலில் இருப்பார். குருத்துவத்தைப் பற்றி அப்பாவும் மகனும் பேசிக்கொண்டதே இல்லை. ஆனாலும் அந்த வீடுதான் தனக்கு ஒருவகையில் முதல் குருமடம் என்று, திருத்தந்தையான பிறகு, தன் குருத்துவப் பொன்விழா ஆண்டான 1996-இல் வெளிவந்த "கொடையும் மறைபொருளும்" என்ற நூலில் எழுதினார். பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அப்பா மகனுக்குக் காட்ட வேண்டும் என்று முழங்கால் போடவில்லை. மகன் தூங்குகிறான் என்றுதான் நினைத்திருப்பார்.

1938 கோடையில் இருவரும் கிராக்கோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஓராண்டுதான் படிப்பு ஓடியது. 1939 செப்டம்பர் 1, மாதத்தின் முதல் வெள்ளி. பாவசங்கீர்த்தனம் செய்ய வாவெல் பேராலயத்துக்கு வொய்தீவா போயிருக்கிறான். அருள்தந்தை ஃபிக்லெவிச்சுக்குப் பூசை உதவியாளனாக நிற்கும்போதே நகரத்தின்மீது செர்மன் விமானங்கள் குண்டு போடுகின்றன. இருவரும் பூசையை முடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். நவம்பர் 6 அன்று பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கூட்டம் என்று வரவழைத்து, 180-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்து சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. இலக்கிய மாணவன் கல்லுடைக்கப் போனான். பிறகு சோல்வே இரசாயனத் தொழிற்சாலையில் கூலியாள் ஆனான்.

இந்த இடத்தில் ஒரு தையல்காரர் வருகிறார். யான் திரனோவ்ஸ்கி. குருவல்ல, துறவியல்ல. கிராக்கோவில் வொய்தீவா குடியிருந்த தெம்ப்னிக்கி பகுதியில், ருஷானா தெருவில், தையல் எந்திரத்தின்முன் உட்கார்ந்து பிழைப்பு நடத்திய மனிதர். கீச்சென்ற குரல். இவர் என்ன இப்படி இருக்கிறாரே என்று இளைஞர்கள் முதலில் ஒதுங்கத்தான் பார்த்தார்கள். அந்தப் பகுதியின் பங்கைச் சலேசியத் துறவிகள் நடத்தி வந்தார்கள். 1941 மே 23 அன்று கெஸ்டபோ என்ற செர்மன் இரகசியப் போலீஸ் அவர்களைச் சுற்றிவளைத்து அள்ளிக்கொண்டு போனது. பெரும்பாலோர் முகாம்களில் மாண்டார்கள். அவர்களில் ஒருவர், அந்தப் பங்கின் இளையோரைப் பாட வைத்தவர், அருள்தந்தை யோசேஃப் கொவால்ஸ்கி. ஆஷ்விட்சில் காவலர்கள் செபமாலையைக் காலால் மிதிக்கச் சொன்னபோது மறுத்தார். 1942 சூலையில் கொன்றார்கள். 1999-இல் அவரை அருளாளராக உயர்த்தினார் திருத்தந்தை. தன் பங்கில் கண்ணால் கண்ட குருவுக்கே பீட மகிமை கொடுத்த திருத்தந்தை அவர்.

குருக்கள் போன பிறகு பங்கு இளைஞர்களை யார் பார்ப்பது? திரனோவ்ஸ்கி பார்த்தார். பதினைந்து பதினைந்து பேராகச் சேர்த்து "வாழும் செபமாலை" என்று குழுக்கள் நடத்தினார். செபமாலையின் மறையுண்மைகள் அந்நாளில் பதினைந்து, ஆளுக்கு ஒன்று. கூட்டம் கூடினாலே பிடித்துக்கொண்டு போகும் காலம் அது. ஒவ்வொரு பையனையும் தனித்தனியே தன் அறைக்கு வரச்சொல்லி, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசுவார். சிலுவை அருளப்பரின் நூல்களை வொய்தீவாவுக்கு அறிமுகப்படுத்தியவர் இவர்தான். இவர் பேசிய வார்த்தைகளைவிட, கடவுளோடு இவர் குடியிருந்த விதமே தன்னைப் பிடித்துக்கொண்டது என்ற கருத்தை வொய்தீவா பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார். 1949-இல் இளங்குருவாக அவர் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் தையல்காரரைப் பற்றியது, தலைப்பு "திருத்தூதர்". திரனோவ்ஸ்கியின் அறைக்குப் போய்வந்த பையன்களில் குருக்களானவர் பலர். 2017-இல் திருச்சபை அவருக்கு "வணக்கத்துக்குரியவர்" என்ற நிலையை அளித்தது.

ஒரு பேராயரைப் பற்றிப் பேச வந்துவிட்டு, பட்டாளத்துக்காரர், தையல்காரர் என்று பேசிக்கொண்டிருக்கிறேனே என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பேராயரைப் பார்த்தவுடனே எந்தப் பையனுக்கும் பேராயர் தெரியமாட்டார். செங்கோலும் அங்கியும்தான் தெரியும். முழங்காலில் இருந்த அப்பாவையும் எந்திரத்தின்முன் இருந்த திரனோவ்ஸ்கியையும் பார்த்துப் பழகின கண்ணுக்குத்தான், அந்த அங்கிக்குள்ளே இருந்த மனிதர் பின்னால் தெரிந்தார்.

1941 பிப்ரவரி 18. வேலை முடித்து, உடம்புக்கு முடியாமல் கிடந்த அப்பாவுக்கு உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான் கரோல். கட்டிலில் அப்பா இறந்து கிடக்கிறார். அந்த இரவு முழுவதும் உடலின் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தான். அப்போது வயது இருபது. வீட்டில் இனி யாரும் இல்லை.

அவனுக்கு நாடகம் இருந்தது. அது சாதாரணப் பொழுதுபோக்கல்ல. நாட்டின் மொழியையே அழிக்க நினைத்தவர்களுக்கு எதிராக, சன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொண்டு வீடுகளுக்குள் நடத்திய இரகசிய நாடகம். பிடிபட்டால் முகாம். குருமடத்துக்குப் போகிறேன் என்று அவன் சொன்னபோது நாடக நண்பர்கள் பதறினார்கள். மூத்த நண்பர் ஒருவர் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து வாதாடிப் பார்த்தார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கலையும் ஓர் அழைத்தல்தானே என்றார்கள், அது உண்மையும்கூட. அவனுக்குக் கைகொடுத்தது ஏற்கெனவே இறந்துபோன ஒரு மனிதரின் வாழ்க்கை. ஆதாம் ஹ்மியெலோவ்ஸ்கி, போலந்தின் பெயர்பெற்ற ஓவியர். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கிராக்கோவில் வீடற்றவர்கள் ஒண்டிக்கிடந்த கொட்டகையில் அவர்களோடு போய்ப் படுத்தவர். சகோதரர் ஆல்பர்ட் என்று ஊர் அழைத்தது. கலையை விட்டுவர முடியும் என்று அவர் தனக்கு முன்னால் நடந்து காட்டினார் என்று வொய்தீவா உணர்ந்தான். பிற்காலத்தில் அவரைப் பற்றி ஒரு நாடகம் எழுதினான். 1989-இல் அவரைப் புனிதராக அறிவித்ததும் இவன்தான். இவன் என்று சொல்லிவிட்டேன். இருபது வயதுப் பையனாகவே அவரைப் பார்த்துக்கொண்டு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1942 இலையுதிர் காலத்தில் பேராயர் இல்லத்துக் கதவைத் தட்டினான். சபியேகா இரகசியக் குருமடம் நடத்தி வந்தார். புதிய மாணவர்களைச் சேர்க்க செர்மானியர்கள் தடை விதித்திருந்தார்கள். அதனால் மாணவர்கள் வெளியே எப்போதும்போலக் கூலி வேலைக்குப் போக வேண்டும். பேராசிரியர்களைத் தனித்தனியே சந்தித்துப் பாடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியக் கூடாது. யார் யார் மாணவர்கள் என்பது மாணவர்களுக்கே முழுக்கத் தெரியாது.

சோல்வேயில் இரவுப் பணி. தோளில் காவடிபோலக் கட்டை வைத்து இரண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டுச் சுமக்கும் வேலை. வேலைக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் அவன் படிக்கும் சிறிய நூல் ஒன்று உண்டு. புனித லூயி மோன்போர்ட்டின் மரியாள் பக்தி நூல். நீல அட்டை. அந்த அட்டையெல்லாம் சோடாக் கறை. தொழிற்சாலையின் வெள்ளைக் கறை படிந்த அந்தப் புத்தகத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். அவர் ஆயரானபோது ஏற்ற "முழுவதும் உமக்கே" என்ற விருதுவாக்கு அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். கூட வேலை செய்தவர்கள் அவன் முழங்காலில் இருப்பதைக் கண்டார்கள். கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால், நீ போய்ப் படி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தங்கள் ரொட்டியில் ஒரு துண்டை நீட்டியவர்களும் உண்டு. அப்பா முழங்காலில் இருந்ததைப் பார்த்த மகன், இப்போது முழங்காலில் இருப்பதை வேறு சிலர் பார்க்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதைப் பீடச்சிறுவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். யெர்ஸி ஸஹூத்தா என்று ஓர் இளைஞன். அவனும் இரகசிய மாணவன். அவனும் வொய்தீவாவும் காலையில் பேராயரின் சிற்றாலயத்துக்குப் போய் சபியேகாவுக்குப் பூசை உதவி செய்வார்கள். உங்களைப் போலத்தான், தண்ணீரும் இரசமும் எடுத்துக் கொடுப்பது, மணி அடிப்பது. 1944 ஏப்ரலில் ஒருநாள் காலை ஸஹூத்தா வரவில்லை. பூசை முடிந்ததும் வொய்தீவா அவன் வீட்டுக்கு ஓடினான். முந்திய இரவே கெஸ்டபோ வந்து கொண்டுபோய்விட்டது. சில நாளில் சுவரொட்டி ஒட்டினார்கள். சுடப்பட இருப்பவர்களின் பட்டியலில் ஸஹூத்தாவின் பெயர் இருந்தது. சுட்டுக் கொன்றார்கள்.

மறுநாளும் பேராயர் பூசை வைத்தார். மறுநாளும் யாராவது மணி அடிக்கத்தானே வேண்டும். தனக்குப் பதிலாக யாரோ பலியானார்கள் என்ற உணர்வு வொய்தீவாவைக் கடைசிவரை விடவில்லை. தன் குருத்துவத்துக்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்பதை முதுமையிலும் எண்ணிப் பார்த்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இல் வார்சாவில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிராக்கோவிலும் அது நடந்துவிடக் கூடாது என்று ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, செர்மானியர் தெருத்தெருவாக இளைஞர்களை வளைத்துப் பிடித்தார்கள். வொய்தீவா இருந்த வீட்டின் மேல்தளம்வரை தேடினார்கள். நிலவறைக் குடியிருப்பில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மன்றாடிக்கொண்டிருந்தான். கீழே வந்து பார்க்காமல் போய்விட்டார்கள்.

அப்போதுதான் சபியேகா ஒரு முடிவெடுத்தார். மாணவர்கள் எல்லாரையும் தன் இல்லத்துக்கே கூட்டிவரச் சொன்னார். பிரான்சிஸ்கன் தெரு, 3-ஆம் எண். வந்தவர்களுக்கு அங்கி போட்டுவிட்டார்கள். யாராவது சோதனைக்கு வந்தால் இவர்கள் ஏற்கெனவே உள்ள குருக்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். வேலைக்கு வராத தொழிலாளி என்று சோல்வேயில் வொய்தீவாவைத் தேடத் தொடங்கியபோது, தொழிற்சாலைப் பட்டியலிலிருந்து அவன் பெயரே மறையும்படி பார்த்துக்கொண்டார்கள். 77 வயது முதியவர், தன் வரவேற்பறையில் இரும்புக் கட்டில்களைப் போட்டு, ஒரு குருமடத்தை வீட்டுக்குள் ஒளித்துவைத்தார். பிடிபட்டிருந்தால் அவர் தலையும் தப்பியிருக்காது.

சபியேகாவைப் பற்றி போலந்தில் வழங்கும் ஒரு கதை உண்டு. போலந்தை ஆண்ட நாசித் தலைவன் ஹான்ஸ் ஃபிராங்க் பேராயர் இல்லத்தில் விருந்துண்ண ஆசைப்பட்டானாம். சபியேகா பழைய வெள்ளிப் பாத்திரங்களில் கறுப்பு ரொட்டியும் கிழங்குப் பாகும் எடுத்துவைத்து, நீங்கள் எங்களுக்கு அளக்கும் பங்கீடு இவ்வளவுதான் என்றாராம். கேட்கக் கேட்க இனிக்கும் கதை. ஆனால் வீட்டுக்குள் ஒளிந்திருந்த பையன்களை உருவாக்கியது இந்தத் துணிச்சல் என்று எனக்குத் தோன்றவில்லை. துணிச்சலைப் பார்த்துக் கைதட்டலாம். அதைப் பார்த்து ஒருவன் தன் வாழ்நாளைக் கொடுத்துவிடமாட்டான்.

அவர்களுக்கு வேறொன்று தெரிந்திருந்தது. இரவில் பேராயர் தனியாகச் சிற்றாலயத்துக்குள் போவார். நெடுநேரம் வரமாட்டார். அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. பகலெல்லாம் அவரிடம் வந்து குவிந்தவை என்னென்ன என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பங்கில் எந்தக் குருவைக் கொண்டுபோனார்கள், எந்த முகாமிலிருந்து எந்தச் செய்தி வந்தது, யாரை ஒளித்துவைக்க வேண்டும், யாருக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும், எங்கே ரொட்டி இல்லை. அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய் ஒரே இடத்தில் இறக்கிவைத்தார். ஒரே கூரையின்கீழ் இருந்ததால் பையன்கள் பார்த்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த பங்குச் சாமியார் ஒருவர் இருந்தார். பிரசங்கம் அவருக்கு வராது. நடுவில் தடுமாறி நின்றுவிடுவார். விடியற்காலை பூசைக்கு மணி அடிக்க நான் நாலரைக்குப் போவேன். கோயில் இருட்டாக இருக்கும். முதல் பெஞ்சில் ஒரு போர்வை அசையும். அவர்தான். நான் வந்தது தெரிந்ததும் சட்டென்று எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு, மணிக்கயிற்றை அவிழ்த்துக் கொடுப்பார். அந்தப் பங்கிலிருந்து மூன்று பேர் குருவானார்கள். மூவருமே மணி அடித்தவர்கள்.

1945 சனவரியில் செர்மானியர் ஓடினார்கள், சோவியத் படை வந்தது. பழைய குருமடக் கட்டடத்தைச் செர்மானியர் சிறையாக வைத்திருந்தார்கள். கூரை பிய்ந்து, சன்னல் உடைந்து, கழிப்பறைகளில் மலம் உறைந்து பாறையாகிக் கிடந்தது. அதை வெட்டிச் சுமந்து வெளியே கொட்டியவர்களில் வொய்தீவாவும் ஒருவர். குருமடத்தில் அவர் செய்த வேலைகளில் பலருக்கும் தெரியாத வேலை இது.

1946-இல் சபியேகா கர்தினால் ஆனார். அந்த ஆண்டு நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். வொய்தீவாவை உரோமைக்குப் படிக்க அனுப்ப வேண்டியிருந்ததால், கூடப் படித்தவர்களுக்கு முன்னதாகவே குருப்பட்டம் கொடுக்க முடிவு செய்தார். பேராலயத்தில் அல்ல, தன் சிற்றாலயத்தில். சிலர்தான் வந்திருந்தார்கள். புனிதர் மன்றாட்டு மாலை பாடப்படும்போது, கைகளைச் சிலுவைபோல விரித்துத் தரையில் குப்புறக் கிடந்தார் அந்த இளைஞர். எந்தத் தரையில் தெரியுமா? ஸஹூத்தாவும் அவரும் பூசை உதவியாளராய் நின்ற தரையில். இரவுதோறும் பேராயர் முழங்கால் போட்ட தரையில். மறுநாள், இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். வாவெல் பேராலயத்தின் நிலவறையில், புனித லியொனார்டின் பீடத்தில், முதல் திருப்பலிகள் மூன்று நிறைவேற்றினார். தாய்க்காக, அண்ணனுக்காக, தகப்பனுக்காக. குண்டு விழுந்த காலையில் எந்தக் குருவுக்கு உதவி செய்தாரோ அந்த ஃபிக்லெவிச் பக்கத்தில் நின்றார்.

அதற்குப் பின்னால் நடந்ததை நீங்கள் அறிவீர்கள், வேகமாகச் சொல்கிறேன். சிற்றூர்ப் பங்கு, பிறகு கல்லூரி மாணவர்களிடையே பணி. கம்யூனிச ஆட்சியில் குருவானவர் இளைஞர்களை வெளியே கூட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் சாதாரண உடுப்பில் மலையேறவும் படகோட்டவும் போனார். பிள்ளைகள் அவரை "மாமா" என்று கூப்பிட்டார்கள். கவிழ்த்துப்போட்ட படகே பலிபீடம், துடுப்புகளைக் கட்டினால் சிலுவை. 1958-இல் ஆயர், 1964-இல் கிராக்கோவ் பேராயர். நோவா ஹூத்தா என்ற புதிய தொழில் நகரில் கோயில் கட்ட அனுமதி இல்லை என்றார்கள். 1959 முதல் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையை அங்கே பனியில், திறந்தவெளியில் வைத்தார். 1977-இல்தான் அந்தக் கோயிலை அர்ச்சிக்க முடிந்தது.

பேராயராக எந்த வீட்டுக்கு வந்தார்? அதே 3-ஆம் எண் வீட்டுக்கு. அங்கே அவர் செய்த ஒரு காரியம்தான் என்னை இந்த வரலாற்றின்மேல் பித்தாக்கியது. சபியேகாவின் சிற்றாலயத்துக்குள் ஒரு சிறு மேசையைப் போட்டுக்கொண்டார். காலைப் பூசைக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், நற்கருணைப் பேழைக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுவார், படிப்பார், முடிவெடுப்பார். வெளியே மாணவர்களும் தொழிலாளர்களும் காத்திருப்பார்கள். உள்ளே யாரும் போகக் கூடாது. சபியேகா இரவில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு, அவருடைய மாணவர் காலையிலேயே போய்விட்டார்.

இன்னொன்றும் செய்தார். எல்லைக்கு அப்பால் செக்கோஸ்லோவாக்கியாவில் குருத்துவமே நசுக்கப்பட்டுக் கொண்டிருந்தது. அங்கிருந்து இரகசியமாகத் தப்பிவந்த இளைஞர்களுக்குக் கிராக்கோவில் அவர் இரகசியமாகக் குருப்பட்டம் கொடுத்தார். தனக்குச் சபியேகா செய்ததை வேறு பிள்ளைகளுக்குச் செய்தார். அவருக்கு யாரும் கட்டளை போடவில்லை. எப்படிச் செய்வது என்று பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

1978 அக்டோபர் 16-க்குப் பிறகு அவரை உலகமே பார்த்தது. 1986 பிப்ரவரி 5 அன்று சென்னைக்கு வந்தார், புனித தோமையார் மலையில் செபித்தார். அந்த நாளைப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். 1995-இல் மணிலாவில் உலக இளையோர் நாள் நிறைவுப் பூசைக்கு நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியதாகச் சொல்வார்கள். அந்தக் கூட்டங்களில் நின்று, வீடு திரும்பி, குருமடத்துக்கு மனுப் போட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இரண்டாம் யோவான் பவுல் காலத்துக் குருக்கள் என்று ஒரு தலைமுறைக்கே பெயர் வந்தது.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால், உங்கள் பிள்ளைகளிடம் நான் பாதி உண்மை பேசியவனாவேன். மெக்சிகோவில் மார்சியல் மசியேல் என்ற குரு ஒரு சபையை நிறுவினார். அவருடைய குருமடங்கள் நிரம்பி வழிந்தன. 1994-இல் திருத்தந்தை அவரை இளையோருக்குச் சிறந்த வழிகாட்டி என்று வெளிப்படையாகப் பாராட்டி எழுதினார். அந்த மனிதர் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பையன்களையே சீரழித்தவர் என்று பிறகு நிறுவப்பட்டது. 2006-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரை எல்லாப் பொதுப்பணியிலிருந்தும் விலக்கி, செபத்திலும் தவத்திலும் ஒதுங்கியிருக்கச் செய்தார். முன்மாதிரியின் வல்லமையை அறிந்த திருத்தந்தையே அந்த விடயத்தில் ஏமாந்தார். எண்ணிக்கை அவரை ஏமாற்றியது என்றே நினைக்கிறேன். நிரம்பிய குருமடம் நல்ல குருமடம் என்று நாமும் நினைக்கிறோம். அந்தப் பையன்களும் ஒரு தலைவரைப் பார்த்துத்தான் வந்தார்கள். அவர்கள் காயத்தோடு வீடு திரும்பினார்கள்.

அதனால்தான் கூட்டத்தை நான் நம்புவதில்லை. மேடையில் தெரிவதை நம்பி ஒரு பிள்ளையை அனுப்பாதீர்கள். ஒரு குரு வேலைக்காரரிடம் எப்படிப் பேசுகிறார், காணிக்கைப் பணத்தை எப்படி எண்ணுகிறார், பையன்களோடு எப்படிப் பழகுகிறார், யாரும் இல்லாத கோயிலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பக்கத்தில் நின்று பார்க்க விடாதவரை நம்ப வேண்டியதில்லை. சபியேகாவின் வீட்டில் பையன்கள் ஒரே கூரையின்கீழ் ஐந்து மாதத்துக்கும் மேல் இருந்து அவரைப் பார்த்தார்கள். மறைக்க அவருக்கு இடமே இல்லை.

தம்பிமார்களே, இன்று மாலை யாராவது உங்கள் கன்னத்தைத் தட்டி அந்தக் கேள்வியைக் கேட்டால், உடனே பதில் சொல்ல வேண்டாம். வாதோவீத்சேயில் அந்தப் பையனும் சொல்லவில்லை. கேட்ட பெரியவர்களே, நீங்களும் விட்டுவிடுங்கள். இரவில் அவன் தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போது உங்கள் அறையில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சபியேகா 1951 சூலையில் காலமானார். அவருடைய மாணவர் திருத்தந்தையாகத் தாயகம் வந்தபோதெல்லாம் அந்தப் பழைய வீட்டில்தான் தங்கினார். 1979-இல் முதல்முறை வந்தபோது, இரவில் இளைஞர்கள் தெருவில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு மேலே இருந்த சன்னலைத் திறந்துகொண்டு வந்து அவர்களோடு பேசினார், பாடினார், போய்த் தூங்குங்கள் என்றார். அவர்கள் போகவில்லை. அதிலிருந்து அது திருத்தந்தையின் சன்னல் ஆயிற்று. 2005 ஏப்ரல் 2 இரவு, அவர் வத்திக்கானில் கண்ணை மூடினார் என்ற செய்தி வந்தபோது, கிராக்கோவின் இளைஞர்கள் மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு அந்தச் சன்னலின் கீழேதான் வந்து நின்றார்கள். சன்னல் மூடியிருந்தது. அதற்குப் பின்னால், அதே வீட்டுக்குள், அந்தச் சிற்றாலயம் இருந்தது.